சீசரின் புரட்டாசி

1

கிள்ளான் ஊர் எல்லையைத் தாண்டி நாங்கள் பந்திங் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். என் இடது தோளில் ஒரு பை. அதில் மூன்று சட்டை, இரண்டு கைலி, சவரக்கத்தி, முதலாளியம்மா வாழையிலையில் கட்டிக் கொடுத்த இரண்டு பொட்டலம். எனக்கு எலுமிச்சைச் சாதம், நாய்க்குத் தயிர்ச்சாதம். வலது கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் சீசர். அல்சேஷன் சாதி, ஒரு வயது. இரண்டு காதும் நிமிர்ந்து நிற்கும். அன்றைக்கு ஒரு காது மட்டும் நின்றது.

எனக்குக் கொடுத்திருந்த வேலை எளிது. பந்திங் பக்கம் ஏதாவது ஒரு செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் நாயை அவிழ்த்து விட்டுவிட்டு, பஸ் ஏறி மாலைக்குள் கிள்ளானுக்குத் திரும்பிவிட வேண்டும். பக்கத்தில் விட்டால் வீடு தேடி வந்துவிடும் என்பது முதலாளியம்மாவின் கணக்கு. தோட்டத்தில் எலி நிறைய, அதைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்பது முதலாளியின் கணக்கு. பிழைக்காது என்பது என் கணக்கு. அது வீட்டுக்குள் வளர்ந்த நாய். தட்டில் போட்டு, "ஈட்" என்று ஆங்கிலத்தில் சொன்னால்தான் வாய் வைக்கும். எந்த எலியும் அப்படிச் சொல்லப் போவதில்லை.

முதலில் பஸ்ஸில்தான் போகப் பார்த்தேன். கண்டக்டர் தமிழர், இளவட்டம். படியிலேயே கையை நீட்டி மறித்தார்.

"அண்ணே, நீங்க ஏறலாம். அவன் ஏற முடியாது."

"ரெண்டு டிக்கெட் எடுத்துக்கறேன்."

"நாலு எடுத்தாலும் முடியாது லா. உள்ள மலாய்க்கார அம்மாங்க நிறைய இருக்காங்க. நாய் மூக்கு பட்டா மண்ணு போட்டு ஏழு தரம் கழுவணும் அவங்க. அப்புறம் என்னைத்தான் ஏசுவாங்க."

அவர் சொன்னது நியாயம். பஸ் போனது. நாங்கள் நடந்தோம். பழக்குலை ஏற்றிய லோரிகள் எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சீசர் சாலையோரப் புல்லில் இறங்கி நின்று, புழுதி அடங்கிய பிறகு ஏறி வந்தது. அதற்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

மாலையில் திரும்பி வரப்போகிறவனுக்கு எதற்கு மூன்று சட்டை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இருந்ததே மூன்று சட்டைதான். எங்கே கிளம்பினாலும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்புவது என் பழக்கம்.

2

இது நடந்து பல வருடம் ஆகிறது. இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் மகள் கவிதா.

அவளுக்குப் பதினான்கு வயது. போன வருடம் ஒரு குட்டி நாயைக் கொண்டுவந்தாள். குட்டிக்கு வயது ஒன்று ஆகிவிட்டது. காலையில் பள்ளிக்கூட உடுப்போடு அடுப்படியில் நின்று, குட்டி நாய்ப் பையிலிருந்து மூன்று கரண்டி, பெரிய நாய்ப் பையிலிருந்து ஒரு கரண்டி என்று அளந்து கலந்துகொண்டிருந்தாள்.

"ஒரேயடியா மாத்தினா என்ன?" என்று கேட்டேன்.

"அப்பா, கேன்னாட் லா. வயிறு அப்செட் ஆகும். ஸ்லோவாத்தான் மாத்தணும். உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். பதினான்கு வயதில் அவளுக்கு மலாய், ஆங்கிலம், கொஞ்சம் சீனம் தெரியும். தமிழ் பேசுவாள். எழுத்துக் கூட்டி வாசிக்கவும் செய்வாள். வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது என்பாள். இந்தக் குறிப்பை அவள் வாசிக்கப் போவதில்லை. ஆகவே ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களுக்கும் இது விசித்திரமாக இருக்கும். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் தெருவில் நாய்க்கு வயது கேட்டவர் கிடையாது. குட்டிக்கு ஒரு சாப்பாடு, பெரியதுக்கு ஒரு சாப்பாடு என்று பிரித்தவரும் கிடையாது. கிடைத்த நாளில் தின்றது, கிடைக்காத நாளில் படுத்திருந்தது. ஏறக்குறைய நாங்களும் அப்படித்தான். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது மாமா ஒருவர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிக் கூட்டிவந்தார். ஆறாம் வகுப்பில் பாதி படித்திருந்தேன். மீதிப் பாதியைக் கப்பலில் கழித்தேன்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸில் மாமாவுக்குச் சாப்பாட்டுக் கடை. ஊரில் ஒரு நேரம் கூழ் குடித்தவனுக்கு இங்கே வந்த அன்றே மூன்று நேரமும் சோறு, குழம்பு, பொரித்த மீன். ஒரு வாரம் குழாயடிக்கும் கக்கூசுக்குமாக அலைந்தேன். மாமா ஓமத்தண்ணீர் கொடுத்தார். காரணம் யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு மாமா கடையை விட்டு ஓடி, ரப்பர்த் தோட்டம், அம்பாங்கில் லம்பம் என்கிற ஈயச் சுரங்கம், துறைமுகத்தில் மூட்டை, லோரியில் கிளீனர் என்று சுற்றினேன். எந்த இடத்திலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. சண்டை போட்டு விலகியது கொஞ்சம். காரணமில்லாமல் விலகியது நிறைய.

3

கிள்ளானில் முதலாளிக்குத் துணிக்கடை. அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடல் தாண்டி வியாபாரம் செய்கிற குடும்பம். வீட்டின் முன்கூடத்தில் பெருமாள் படம் ஆள் உயரத்துக்கு இருக்கும். நான் அங்கே மூட்டை தூக்கத்தான் போனேன். நான் சேர்ந்த மாதமே அவர்கள் மகள் மீனாட்சி ஒரு குட்டி வேண்டுமென்று பட்டினி கிடந்து, குட்டி வந்தது. வீட்டில் நாயைத் தொடுகிறவர்கள் அவளும் நானும்தான் என்று தெரிந்ததும் என்னைக் கடையிலிருந்து வீட்டுக்கு மாற்றினார்கள். பின்கட்டில் ஓர் அறை. வேலை, நாய் பார்ப்பது.

நாய்க்கு லைசன்ஸ் எடுக்க நகராட்சிக்குப் போனேன். ஒரே வரிசை. பித்தளை வில்லை கொடுத்தார்கள், கழுத்தில் மாட்டினேன், முடிந்தது. என்னுடைய சிவப்பு அட்டை மழையில் நனைந்து எழுத்தழிந்து போயிருந்தது. சிவப்பு அட்டை என்பது இங்கே இருக்கலாம், ஆனால் இந்த ஊர்க்காரனில்லை என்பதற்கான அடையாளம். அதைப் புதுப்பிக்க நாலு அலுவலகம் ஏறி இறங்கினேன். கடைசி கவுன்ட்டரில் மலாய்க்கார அதிகாரி, என்ன வேலை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் நாய் பார்த்துக்கொள்கிற வேலை என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு காவல்காரன் என்று எழுதிக்கொண்டார். இங்கே அதற்கு 'ஜாகா' என்று பெயர். திருத்தச் சொன்னால் மறுபடி முதல் வரிசையிலிருந்து நிற்க வேண்டும். ஜாகாவாகவே இருந்துவிட்டேன்.

மீனாட்சி குட்டிக்கு சீசர் என்று பெயர் வைத்தாள். உட்கார், நில், சாப்பிடு எல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தாள். குட்டிக்குச் சாப்பாடு அம்பாங்கில் வெள்ளைக்காரர்கள் வாங்கும் கடையிலிருந்து வரும். பையில் குட்டி நாய் படமும் ஒரு பால் கிண்ணமும் இருக்கும். உள்ளே கோழியும் உண்டு. அது முதலாளியம்மாவுக்குத் தெரியும். "சின்னது, வளர்ற உடம்பு" என்று சொல்லிப் பையைப் பின்கட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆவணி முடிவதற்குள் மீனாட்சி படிக்க லண்டன் போனாள். விமான நிலையத்தில் அவள் அழுதது நாய்க்காக என்று முதலாளி சொன்னார். தமக்காகவும் கொஞ்சம் இருக்கும் என்று முதலாளியம்மா சொன்னார். நான் வண்டியில் நாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

4

அவள் போன சில நாளில் குட்டிச் சாப்பாடு தீர்ந்தது. ஒரு வயது ஆனதும் பெரிய நாய்ச் சாப்பாட்டுக்கு மாற்ற வேண்டும் என்று மீனாட்சி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். முதலாளி தாமே அம்பாங் போனார். பாய்ந்து வரும் பெரிய நாய் படம் போட்ட பையைத் தோளில் வைத்துத் தூக்கி வந்து, முன்வாசல் வழியாக நுழைந்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இறக்கினார். அன்றைக்குப் புரட்டாசி முதல் நாள்.

இந்த நாட்டுத் தமிழர்கள் புரட்டாசியை விடமாட்டார்கள். வருடம் முழுக்கக் கோழியும் மீனும் ஆடும் தின்றுவிட்டு, இந்த ஒரு மாதம் பாத்திரத்தைக்கூட மாற்றிவிடுவார்கள். முதலாளி வீட்டில் இன்னும் கடுமை. குடும்பம், வேலைக்காரர், டிரைவர் எல்லாருக்கும் சைவம்.

மத்தியானம் அரிசி எடுக்கப் போன முதலாளியம்மா பையின் பக்கவாட்டைப் பார்த்தார்.

"இதுல மாடு எதுக்கு நிக்குது?"

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். "பால் மாடா இருக்கும்."

"பால் மாடுன்னா மடியோட வரைவான். இது சிவப்புல கோடு கோடா வெட்டிக் காட்டியிருக்கான்."

முதலாளி மேலும் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அரிசி மூட்டை கோயிலுக்கும் போக முடியாமல் வீட்டிலும் இருக்க முடியாமல் டிரைவர் வீட்டுக்குப் போனது. கூடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். மாட்டுப் பையை நான் பக்கத்து வீட்டுச் சீனத் தையல்காரரிடம் கொடுத்தேன். அவருடைய கிழட்டு நாய் நடந்து வந்து முகர்ந்து பார்த்து, பையின் மேலேயே படுத்துக்கொண்டது.

"வேற பை வாங்கலாம். கோழி போட்டது," என்றார் முதலாளி.

"எதுக்கு?"

"பெரிய நாயாச்சுல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன். குட்டியா இருந்தா விட்டுடலாம். குழந்தைக்கு விரதம் கிடையாது. ஆனா இப்ப வயசு வந்தாச்சுன்னு பை போட்டவனே சொல்றான். வயசு வந்ததெல்லாம் இந்த வீட்டுல புரட்டாசி இருக்கும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் நாயைப் பார்த்தேன். அம்மாவின் பேச்சில் எங்கே ஓட்டை என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு சீசருக்குத் தயிர்ச்சாதம். அது தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "ஈட்" என்றேன். சாப்பிட்டது. நல்ல பிள்ளை.

5

நாலாம் நாள் வயிற்றுப்போக்கு. ஒரு வாரத்தில் விலா எலும்பு தெரிந்தது. காதில் ஒன்று மடிந்தது. முதலாளியம்மாவுக்கு மனது கேட்கவில்லை. கறிவேப்பிலை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். சோற்றைத் தம் கையாலேயே மசித்து உருண்டை பிடித்து ஊட்டினார். அதுவரை நாயைத் தொடாத அம்மா அவர். சீசர் அவர் பின்னாலேயே தள்ளாடிக்கொண்டு சுற்றியது. சாப்பிட்டதெல்லாம் வெளியே போனது.

கடைசியில் கடை வண்டியில் ஏற்றி, முதலாளியும் நானும் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர் ஒருவர் வீட்டிலேயே வைத்தியம் பார்த்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். நெற்றியில் திருநீறு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்.

"என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

"தயிர்ச்சாதம், டாக்டர்," என்றேன்.

"ஆர் சொன்னது?"

"புரட்டாசி மாசம்," என்றார் முதலாளி. ஆள் பெயரைச் சொல்லவில்லை.

டாக்டர் நாயின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "குட்டிச் சாப்பாட்டிலை இருந்து பெரிய நாய்ச் சாப்பாட்டுக்கு மாத்தவே ஒரு கிழமை, பத்து நாள் வேணும். முதல் காப்பங்கு புதுசு, முக்காப்பங்கு பழசு. பிறகு அரைவாசி. பிறகு முக்கால். நீங்கள் ஒரே நாளிலை இதை விரதத்துக்குக் கொண்டுபோயிருக்கிறியள்."

"நாங்க இந்த மாசம் சைவம், டாக்டர்."

"நான் பிறந்ததிலை இருந்து சைவம். ஆனா நான் நாயில்லை."

முதலாளி தலையை ஆட்டினார். டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வளர்ற நாய். இறைச்சி இல்லாட்டி இந்த மாதம் தாண்டாது. பிறகு என்னட்டைக் கொண்டு வந்து பிரயோசனமில்லை."

திரும்பும் வழியில், மாமா கடையில் நான் குழாயடிக்கு அலைந்த வாரம் ஞாபகம் வந்தது. அது தண்ணீர் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபத்துச் சொச்சம் வருடமும் ஒரு நாய் டாக்டரும் தேவைப்பட்டது.

"அம்மாகிட்ட சொல்லணும்," என்றார் முதலாளி.

"ஆமாங்க."

"நீ சொல்றியா?"

நான் நாயின் காதைத் தடவினேன். கிள்ளான் வரும்வரை அவர் மறுபடி கேட்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார், இறைச்சி என்ற பகுதியை விட்டுவிட்டு. அம்மா கவனமாகக் கேட்டார்.

"கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும்னு சொன்னாரா? சரி. ஐப்பசி பொறக்கட்டும். அப்புறம் எவ்வளவு மெதுவா வேணும்னாலும் மாத்துங்க."

6

ஐப்பசிக்கு நாள் நிறைய இருந்தது. நாய்க்கு இல்லை.

கடைக்குப் பின் சந்தில் ஒரு சீனர் கோழிச்சோறு விற்பார். அவித்த கோழியின் கழுத்து, தோல், கால் எல்லாம் ஒரு வாளியில் கிடக்கும். அதைக் கேட்டேன். எடுத்துக்கொள் என்றார். சாயங்காலம் நாயை நடக்கக் கூட்டிப்போகிற சாக்கில், வீட்டு வேலிக்கு வெளியே, சந்துக்குள் வைத்து ஊட்டினேன். டாக்டர் சொன்ன முறைப்படிதான். காப்பங்கு கோழி, முக்காப்பங்கு தயிர்ச்சாதம். பிறகு அரைவாசி. கையைக் குழாயடியில் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து நான் ரசம் சோறு சாப்பிட்டேன். என் விரதம் முறியவில்லை. விரலில் வாசனை மட்டும் இருந்தது.

வயிற்றுப்போக்கு நின்றது. கண்ணில் வெளிச்சம் வந்தது.

"பாத்தியா முத்து," என்றார் முதலாளியம்மா. "சாமி சாப்பாடு. பழக நாளாகும், பழகிட்டா போதும்."

"ஆமாங்கம்மா," என்றேன்.

மூன்றாவது சனிக்கிழமை. பெருமாளுக்கு மாவிளக்கு. கூடம் நிறையப் பெண்கள், எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் பின்கட்டில் வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சந்தில் கொடுத்த கோழிக்கால் ஒன்றைச் சீசர் தின்னாமல் வேலியோரம் புதைத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அதைத் தோண்டி எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, செருப்புகளைத் தாண்டி, பெண்களுக்கு நடுவில் நடந்து போய், முதலாளியம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில், மாவிளக்குத் தட்டின் ஓரத்தில் வைத்தது. வைத்துவிட்டு வாலை ஆட்டியது.

தன்னிடம் இருந்ததில் உயர்ந்ததை அது கொண்டுவந்து வைத்தது. அந்தக் கூடத்தில் எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

பாட்டு நின்றது. முதலாளியம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். வந்தவர்கள் சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு போகும்வரை சிரித்த முகமாகவே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"யாரு குடுத்தது?"

"நான்தாங்கம்மா."

"எத்தனை நாளா?"

"உடம்பு தேறின நாள்லேர்ந்து."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரிந்தது. சீசரைப் பார்த்தார். அது அவர் புடவைத் தலைப்பை முகர்ந்துகொண்டிருந்தது.

"அது மேல தப்பில்லை முத்து. உன் மேலயும் நான் கோபப்படல. ஆனா ஊரே பாத்துடுச்சு. இனி அது இந்த வீட்டுல இருக்க முடியாது. உன்னைத் தோட்டத்துல கொண்டுபோய் விட முடியாது, அதனால அதைக் கொண்டுபோய் விடு."

"அது பிழைக்காதுங்கம்மா."

"மீனா கேட்டா தோட்டத்துல நல்லா இருக்குன்னு சொல்லிக்கலாம்."

முதலாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் அம்மா எழுந்து இரண்டு பொட்டலம் கட்டினார். நாயின் பொட்டலத்தில் தயிர் அதிகமாக ஊற்றியிருந்தார், வழியில் காய்ந்துபோகாமலிருக்க.

7

ஒரு மணல் லோரிக்காரர் பாதி வழி பின்னால் ஏற்றிக்கொண்டார். மீதியை நடந்தோம். பந்திங்குக்குக் கொஞ்சம் முன்னால் செம்பனை இரண்டு பக்கமும் சூழ்ந்துகொண்டது. செம்மண் பாதை ஒன்றில் திரும்பி, உள்ளே போய், மட்டை அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்தோம். பொட்டலத்தைப் பிரித்தேன். சீசர் தயிர்ச்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு என்னுடையதைப் பார்த்தது. அதிலும் பாதியைக் கொடுத்தேன். எலுமிச்சைக்கு முகத்தைச் சுளித்தது. ஆனாலும் தின்றது.

கயிற்றை அவிழ்த்தேன். "ஸ்டே" என்றேன். உட்கார்ந்தது. நான் நடந்தேன். பாதை வளைவில் திரும்பிப் பார்த்தபோது அப்படியே உட்கார்ந்திருந்தது. கதை எழுதுகிறவர்கள் இதை நம்பிக்கை என்பார்கள். மீனாட்சி பிஸ்கட் கொடுத்துப் பழக்கியது.

சாலைக்கு வந்து நின்றேன். கிள்ளான் பஸ் வந்தது. அதே கண்டக்டர்.

"எங்கண்ணே அவன்?"

"உள்ள இருக்கான்."

"அப்ப ஏறுங்க."

ஒரு காலைப் படியில் வைத்தேன். வீட்டில் என் அறை இருந்தது. மூன்று நேரச் சாப்பாடு இருந்தது. ஆனால் நாய் பார்க்கிறவன் நாயில்லாமல் போய் எதைப் பார்ப்பது? கடையில் துணி மடிக்கச் சொல்வார்கள். மடிப்பேன். அம்மா சாயங்காலம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நாயைப் பற்றிக் கேட்காமலிருப்பார். தீபாவளிக்குள் நானே கிளம்பிவிடுவேன். அதற்குள் இது செத்துப்போயிருக்கும்.

"அண்ணே, ஒரு காலு பஸ்ஸுல, ஒரு காலு ரோட்டுலன்னா டிரைவர் எப்படி எடுப்பாரு?"

நியாயம்தான். காலை எடுத்துவிட்டேன்.

திரும்பிப் போனபோது சீசர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. தயிர் வழித்த இலையை மட்டும் முன்காலுக்கு அடியில் இழுத்து வைத்திருந்தது. "கம்" என்று சொல்வதற்குப் பதில் பழக்கத்தில் "வாடா" என்றேன். அதற்கும் வந்தது.

இருட்டும் நேரத்தில் ஒரு சிறு கடைவரிசையை அடைந்தோம். கடைகளின் முன்னால் மஞ்சள் கொடி கட்டியிருந்தார்கள். கோப்பிக்கடைச் சீனர், நாயை உள்ளே கொண்டு வராமலிருந்தால் பின்பக்கம் படுத்துக்கொள்ளலாம் என்றார். மூன்று மைல் தள்ளி ஒரு கோழிப்பண்ணைக்கு ஜாகா தேவை என்றும் சொன்னார். திருட்டு அதிகமாம். பழைய ஜாகாவே திருடினானாம்.

காலையில் பசியாறக் கையில் சில்லறை கொஞ்சம் இருந்தது. எனக்கு ஒரு கோப்பி, இரண்டு ரொட்டி. ஒன்று அதற்கு. பிறகு பண்ணைக்குப் போனோம். நீளமான தகரக் கொட்டகைகள். உள்ளே ஆயிரக்கணக்கில் வெள்ளைக் கோழி. சீன முதலாளியை இங்கே தவுக்கே என்பார்கள். தவுக்கே வெள்ளை உடுப்பில், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு நின்றார். என்னை அதிகம் பார்க்கவில்லை. சீசரைச் சுற்றி வந்து பார்த்தார். எங்கள் பேச்சு முழுக்கச் சந்தை மலாயில் நடந்தது.

"குரைக்குமா?"

"அவசியமிருந்தால் குரைக்கும்."

"அடையாள அட்டை?"

கொடுத்தேன். வேலை என்ற இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "ஏற்கெனவே ஜாகாவா. நல்லது." பிறகு கொட்டகைப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார்: "இந்த நாய் கோழி தின்னுமா?"

நான் யோசித்தேன்.

"இந்த மாதம் தின்னாது," என்றேன். "புரட்டாசி. எங்கள் ஆட்களுக்கு விரதம்."

அவர் சிரிக்கவில்லை. மணிக்கட்டுக் கயிற்றைத் தொட்டுக்கொண்டு கேட்டார். "மாதம் முழுக்கவா?"

"முழுக்க."

"எங்கள் திருவிழாவுக்கு ஒன்பது நாள் சைவம்தான். இன்றைக்கு ஐந்தாவது நாள். அதுவே கஷ்டம்." சீசரை மறுபடி பார்த்தார். இம்முறை கொஞ்சம் மரியாதையாக. "மாதம் முடிந்த பிறகு?"

"பிறகு நீங்கள் கொடுப்பதைத் தின்னும். ஆனால் ஒரேயடியாக மாற்றக்கூடாது. முதலில் காப்பங்கு, பிறகு அரைவாசி. இந்த ஒன்றைத்தான் நான் கேட்டுக்கொள்வது."

வேலை கேட்டு வந்தவன் சம்பளம் கேட்காமல் இதைக் கேட்டது அவருக்கு விளங்கவில்லை. சரி என்றார். சம்பளம் உனக்கு, சாப்பாடு இரண்டு பேருக்கும் என்று சொல்லி, கொட்டகைகளுக்கு நடுவிலிருந்த குடிசையைக் காட்டி, ஒரு டார்ச் விளக்கைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மீனாட்சிக்குச் சொல்ல அம்மா யோசித்து வைத்திருந்த பொய் அநேகமாக அந்த நேரத்தில் உண்மையானது.

பையிலிருந்து சட்டைகளை எடுத்து ஆணியில் மாட்டினேன். வெளியே வந்தபோது சீசர் கம்பி வலைக்கு ஒரு முழம் தள்ளி நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு காதும் நின்றன.

"ஸ்டே," என்றேன்.

உட்கார்ந்தது. கண்ணை மட்டும் எடுக்கவில்லை. புரட்டாசி முடிய இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.